சுவரில் ஒட்டிய பத்திரிகை

நம் மன்றத்து நண்பர்கள் பலர், தாங்கள் முதன்முதல் எழுதியது பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் பத்திரிகையில்தான் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது ஒரு சிரிப்பும் உடன் வரும். சிறு வயதில் மணல்வீடு கட்டி விளையாடினேன் என்பது போன்ற சிரிப்பு அது. எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை. பெரிய நாளிதழில் எழுதுவதைக் காட்டிலும் உயர்நிலைப் பள்ளிச் சுவரில் ஒட்டும் பத்திரிகையில் எழுதுவது ஒரு வகையில் கடினமானது என்பது என் கருத்து. நாளிதழைப் படிப்பவன் தான் காணாத ஊரின் செய்தியைப் படிக்கிறான். எழுதியவனை நம்புவதன்றி அவனுக்கு வேறு வழி இல்லை. பள்ளிப் பத்திரிகையைப் படிப்பவனோ, செய்தி நடந்த இடத்தில் தானும் நின்றவன். கால்பந்தாட்டத்தில் தள்ளியவன் யார், விழுந்தவன் யார் என்பது அவனுக்குத் தெரியும். விழுந்தவனே அவனாகவும் இருக்கலாம். எழுதியவன் பெயர் கீழே இருக்கிறது. எழுதியவனோ அடுத்த வகுப்பறையில் இருக்கிறான். தவறாக எழுதினால் மறுப்புக் கடிதம் வராது. மணி அடித்ததும் ஆளே வந்து நிற்பான்.

இந்தக் கருத்து எனக்கு நூலில் கிடைத்ததன்று, பூவாரில் கிடைத்தது.

பூவார், திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில், கேரளத்தின் தென்கோடியில் உள்ள கடற்கரை ஊர். அகத்தியமலையில் தோன்றும் நெய்யாறு 56 கிலோமீட்டர் ஓடி இங்கேதான் அரபிக்கடலில் கலக்கிறது. கலக்குமிடத்தில் மணல்திட்டு ஆற்றை மறித்து நிற்கும். மழை மிகுந்தால் நீர் பெருகி அதை உடைத்துக்கொண்டு போகும். அந்த இடத்தைப் பொழி என்போம். அங்கிருந்து கரையோடு தெற்கே நடந்தால் பொழியூர்; அதையும் தாண்டினால் நீரோடி. நீரோடி தமிழ்நாடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையையும் சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசார் கேட்டுப் பார்த்தனர். அது கேரளத்தோடு நின்றுவிட்டது. ஆகவே எங்கள் பக்கத்தில் மாநிலம் மாறுவது ஒரு தெருவைக் கடப்பது போன்றது. மீன்களுக்கு அந்தத் தெருவும் இல்லை.

எங்கள் பள்ளியில் பாடமொழி மலையாளம். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியிலும் தமிழை ஒரு பாடமாக எடுத்தவர் எங்கள் வகுப்பில் ஒன்பது பேர். 2016-ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்பில், சுவர்ப் பத்திரிகை ஒன்று நடத்த வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, அது எந்த மொழியில் இருப்பது என்பதே முதற் பூசலாயிற்று. கேரளத்துப் பள்ளிகளிலும் வாசகசாலைகளிலும் கையெழுத்து மாசிகை என்பது பழகிப்போன வழக்கம். எங்கள் மலையாள நண்பர்களுக்கு அதில் புதுமை ஒன்றும் இல்லை. எங்கள் ஒன்பது பேருக்கும் ஒரு பத்தியாவது வேண்டும் என்பது எங்கள் வழக்கு. மூன்று பத்தியில் இரண்டு மலையாளம், ஒன்று தமிழ் என்று தீர்ந்தது. பெயர் வைக்கும் பேச்சு அதனினும் நீண்டது. மூன்று நாள் சண்டையிட்டும் ஒரு பெயரும் நிலைக்கவில்லை. 'எட்டாம் கிளாஸ் பேப்பர்' என்று பள்ளி முழுதும் சொல்லத் தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு அதுவே 'ஒன்பதாம் கிளாஸ் பேப்பர்' ஆயிற்று. பெயரே இல்லாமல் வகுப்பேற்றம் பெற்ற பத்திரிகை அது ஒன்றுதான் இருக்கும்.

இரு மொழிகளையும் ஒரே தாளில் அருகருகே எழுதும்போது சில வேடிக்கைகள் புலப்படும். நாம் செய்தி என்பதை அவர்கள் 'வார்த்த' என்பர். நமக்கு வார்த்தை என்றால் சொல். அவர்களுக்கு நடந்த நிகழ்ச்சியின் விவரம். செய்தித்தாள் அவர்களுக்குப் 'பத்ரம்'. நமக்குப் பத்திரம் என்றால் நிலத்துக்கு எழுதி வாங்குவது, அல்லது கெடாமல் காப்பது. "பத்திரத்தைப் பத்திரமாக வை" என்று நான் ஒருநாள் சொல்ல, மலையாளப் பத்தி எழுதும் நண்பன் அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இதற்கு மாறாக, கடலைச் சேர்ந்த சொற்களுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை. வள்ளம், பொழி, கரமடி, சாளை, நெத்தோலி எல்லாம் இரு பத்தியிலும் ஒரே சொல்லாகவே வந்து அமர்ந்தன. கரமடி இழுக்கும் நாளில் எத்தனை பேர் கயிறு பிடித்தார்கள் என்ற குறிப்பை எழுதிவிட்டு, எழுத்தை மட்டும் மாற்றி அடுத்த பத்தியில் இறக்குவோம். அரசியலைப் பற்றி எழுதினால்தான் இரண்டு மொழிகளும் தனித்தனியே போகும்.

தயாரிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இன்று கணினியில் இதழ் செய்யும் தம்பியருக்கு அது கற்காலக் கதையாகத் தோன்றலாம். இரண்டு சார்ட்டுத் தாள். அதற்கு ஆளுக்கு இரண்டு ரூபாய். முதலில் பென்சிலால் பத்திக் கோடுகள். சுவரில் ஒட்டியதை மூன்றடி தள்ளி நின்று படிப்பார்கள். முன்னால் நிற்பவன் உயரமானவன் என்றால் பின்னால் நிற்பவன் அதற்கும் அப்பாலிருந்து எட்டிப் பார்ப்பான். ஆகையால் எழுத்து அரை அங்குலத்துக்குக் குறையலாகாது. அரை அங்குல எழுத்தில் ஒரு பத்தியில் எத்தனை சொல் அடங்கும்? எண்ணிப் பார்த்தோம்; தமிழ்ப் பத்தியில் நூற்றுப்பத்து, நெருக்கினால் நூற்றிருபது. மலையாள எழுத்து கொஞ்சம் வளைந்து அகலும், அதற்கு நூறு. நான் கட்டுரை எழுதக் கற்றுக்கொண்டது இந்த நூற்றுப்பத்துச் சொல்லில்தான். "மாண்புமிகு", "சீரும் சிறப்புமாக", "இனிதே நிறைவுற்றது" என்பனவெல்லாம் இடமின்மையால் தாமே உதிர்ந்தன. பள்ளி விளையாட்டு விழாவின் செய்தியில் வென்றவன் பெயரை எழுதவே இடம் பற்றாதபோது தலைமை தாங்கியவரை எப்படி வருணிப்பது?

கடற்கரையில் பத்திரிகை நடத்துவோர்க்கு உள்நாட்டார்க்கு இல்லாத பகை ஒன்று உண்டு: உப்புக்காற்று. ஸ்கெட்ச் பேனா மை மழைக்காலத்தில் கசியும். ஒரு 'ழ' மூன்று நாளில் மசிக்கறையாகிவிடும். குண்டூசி ஒரு வாரத்தில் துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வட்டம் போடும். கடையில் வாங்கும் பசை ஈரத்தில் விட்டுவிடும். எங்களில் ஒருத்தி தன் வீட்டில் மரச்சீனிமாவைக் காய்ச்சிக் கொண்டு வந்தாள், அது நின்றது. நின்றதோடன்றி, அடுத்த இதழ் ஒட்டும்போது பழையதை உரிக்க முடியாதபடி நின்றது! ஆகவே பின்னர் நான்கு மூலையில் மட்டும் அந்தப் பசை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரதி ஒன்றே ஒன்று. அதைக் கிழித்தால் பத்திரிகை இல்லை. ஒரே பிரதியாக நடந்த மாணவர் பத்திரிகைகளில் உலகம் நன்கறிந்தது ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த தெரசின் முகாமில், சிறுவர்கள் சிலர் 'வெதெம்' என்ற வார இதழை நடத்தினார்கள். தொடங்கியது 1942 டிசம்பரில். ஆசிரியன் பெட்ர் கின்ஸ், வயது 14. முதலில் தட்டச்சில் செய்தனர். தட்டச்சு மை தீர்ந்தபின் கையால் எழுதினர். வெள்ளிக்கிழமை இரவில் எல்லோரும் கூடியிருக்க, எழுதியவன் எழுதியதைத் தானே உரக்கப் படிப்பான். அந்தப் பையன்களில் பெரும்பாலோர் மீளவில்லை. கின்ஸ் 1944-இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டான். மீந்த ஒருவன் புதைத்து வைத்துக் காத்ததால் ஏறக்குறைய 800 பக்கங்கள் இன்றும் உள்ளன. எங்கள் துயரம் அத்தகையதன்று. துருப்பிடித்த குண்டூசியை அதனோடு ஒப்பிட நான் துணியவில்லை. எழுதியவனே நின்று படிக்க வேண்டும் என்ற அந்த வழக்கத்துக்காகவே இதை இங்கே குறித்தேன். கேட்போர் எதிரில் அமர்ந்திருக்கப் பொய்யைப் படிப்பது எளிதன்று.

இனி, தணிக்கை. பள்ளிப் பத்திரிகை என்றால் ஆசிரியர் பார்த்த பின்னரே வெளிவரும். இது எங்கும் உள்ள முறை. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஹேசல்வுட் கிழக்கு உயர்நிலைப் பள்ளியில், 1983-ஆம் ஆண்டு, மாணவர் பத்திரிகையின் இரண்டு பக்கங்களைத் தலைமையாசிரியர் நீக்கிவிட்டார். மாணவிகள் வழக்குத் தொடுத்தனர். 1988-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், 5-க்கு 3 என்ற கணக்கில், பள்ளிக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்த்தது. நாங்கள் உச்ச நீதிமன்றம் வரை போகவில்லை. ஆசிரியர் அறை வரைதான் போனோம்.

போன காரணம் ஒரு தண்ணீர்க் குழாய். மாணவியர் கழிவறையில் பாதி நாள் தண்ணீர் வருவதில்லை என்று பத்திரிகைக் குழுவின் தலைவி எழுதியிருந்தாள். எங்கள் பொறுப்பாசிரியை தாளை வாங்கிப் பார்த்தார். அடிக்கவில்லை, திருத்தவும் இல்லை. "பாதி நாள் என்றால் எத்தனை நாள்?" என்று கேட்டார். "மிக்க நாளும் வராது, டீச்சர்" என்றாள் இவள். "மிக்க நாள் என்று நாள்காட்டியில் ஒரு நாள் இல்லையே, மோளே" என்றார் அவர். அன்று முதல் இரண்டு வாரம், காலை இடைவேளையிலும் மதியத்திலும் இரு பெண்கள் குழாயைத் திறந்து பார்த்துக் குறித்தார்கள். பள்ளி நடந்த நாள் 10. இரு வேளையும் தண்ணீர் வந்த நாள் 4. ஒரு வேளை மட்டும் 3. அறவே வராத நாள் 3. அடுத்த இதழில் அந்தக் கணக்கு மட்டும் வந்தது. பாதி நாள் என்ற சொல்லும் இல்லை, கண்டனமும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. மேலதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று அந்தத் தாளை இரண்டு நாள் கழற்றி வைக்கச் சொன்னார்கள், கழற்றினோம், அவர் போனபின் மீண்டும் ஒட்டினோம். மோட்டார் பழுது பார்க்கப்பட்டது. அடுத்த மழையில் அது மறுபடி நின்றுபோனது வேறு கதை.

இவ்விடத்தில் நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவரை நினையாமல் இருக்க முடியாது. 1878-இல் அங்கே பிறந்தவர் 'சுதேசாபிமானி' இராமகிருஷ்ண பிள்ளை. வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905-ஆம் ஆண்டில் தொடங்கிய 'சுதேசாபிமானி' பத்திரிகைக்கு 1906 முதல் ஆசிரியராக இருந்து, திருவிதாங்கூர் திவான் இராஜகோபாலாச்சாரியின் ஆட்சிமுறையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1910 செப்டம்பர் 26-ஆம் நாள் அச்சுக்கூடத்தை அரசு பறித்துக்கொண்டது. ஆசிரியரை நாடு கடத்தியது. ஆரல்வாய்மொழி வழியாகக் கொண்டுபோய்த் திருநெல்வேலியில் விட்டார்கள். 1912-இல் பத்திரிகைத் தொழிலைப் பற்றி மலையாளத்தில் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். அம்மொழியில் அத்துறைக்கு அதுதான் முதல் நூல். 1916-இல் கண்ணூரில் காலமானார். எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளில் இவரைப் பற்றிப் பேச்சுப்போட்டி நடவாத ஆண்டே இல்லை. நானும் பேசிப் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருக்கிறேன். ஆனால் எனக்குப் பிள்ளையைக் காட்டிலும் மௌலவியின் மீதே வியப்பு மிகுதி. எழுதியவர் ஒருவர், அச்சுக்கூடத்தை இழந்தவர் மற்றொருவர். தம் பொருள் போகும் என்று அறிந்தும், ஆசிரியர் எழுதுவதில் தலையிடாமல் இருந்தாரே, அவரைப் பற்றிப் பேச்சுப்போட்டி வைத்தவர்களை எங்கள் பள்ளியில் நான் கண்டதில்லை. எங்கள் டீச்சர் செய்ததும் ஒருவகையில் மௌலவியின் வேலைதான். குழாய்க் கணக்கு வெளிவந்த வாரத்தில் ஆசிரியர் அறையில் அவரிடம் யார் என்ன கேட்டார்கள் என்பதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கி புயல் வந்தது.

வானிலையாளர் அதைப் புயல் என்று அறிவிக்கும் முன்னரே, ஆழ்கடலுக்குப் போனவர்கள் போய்விட்டிருந்தார்கள். விழிஞ்ஞம், பூந்துறை, புல்லுவிளை, பூவார், பொழியூர். எல்லைக்கு அப்பால் நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று கரை நெடுகிலும் ஒரே நிலை. வள்ளங்கள் திரும்பவில்லை. கடற்படையும் கடலோரக் காவற்படையும் தேடின. காற்றில் அடித்துச் செல்லப்பட்ட விசைப்படகுகள் பல, இலட்சத்தீவிலும் கருநாடகத்திலும் மராட்டியக் கரையிலும் குஜராத்திலும் போய் ஒதுங்கின. காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதில் அரசு ஒரு கணக்குச் சொல்லிற்று. திருவனந்தபுரம் இலத்தீன் மறைமாவட்டம் வேறு கணக்குச் சொல்லிற்று. தொலைக்காட்சியில் ஓர் எண். கைபேசியில் வரும் செய்திகளில் மணிக்கு ஓர் எண். எண் ஏறும்போது ஒரு வீட்டில் அழுகுரல் எழும். இறங்கும்போது அதே வீட்டில் விளக்கேற்றுவார்கள். மறுபடி ஏறும்.

பள்ளி திறந்தபோது வகுப்பில் நான்கு இருக்கைகள் வெறுமையாக இருந்தன. மூன்று வீடுகளில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. நான்காவது பையன் உறவினர் வீட்டில் துணைக்கு இருந்தான். பத்திரிகை வரவேண்டிய வெள்ளிக்கிழமை நெருங்கியது. இந்த வாரம் வேண்டாம் என்றனர் சிலர். கால்பந்துச் செய்தியையா இப்போது எழுதுவது என்றனர். காணாமற்போனவர் பட்டியலை எழுதுவோம் என்றனர் வேறு சிலர். குழாய்க் கணக்கு எழுதிய தலைவி அதை மறுத்தாள். "வரல என்று நாம் எப்படி எழுதறது? வரலன்னு யாரு பார்த்தா? வந்தவர எழுதுவோம். வந்தவர எல்லாரும் பார்க்கலாமே" என்றாள்.

அவள் சொன்னபடி ஒரே தலைப்பு வைத்தோம்: 'கரை சேர்ந்தோர்'. இரு மொழியிலும் அதற்கு ஒத்த சொற்கள். மூன்று பத்தி: பெயர், எந்த நாள் எந்தக் கரை, பார்த்தவர் யார். மூன்றாவது பத்திதான் எங்களுக்கு முக்கியம். கைபேசியில் வந்தது என்பது பார்த்ததாகாது. பேசினேன் என்று வீட்டார் சொன்னால், பேசியவர் பெயரைப் போட்டோம். ஐந்து பேர் இரண்டு மாலை பொழிக்கரையிலும் பொழியூர்க் கடற்கரையிலும் வீடு வீடாக நடந்தோம். எந்த வீட்டிலும் நாங்கள் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைக் கண்டதும் அரசாங்கத்து ஆள் அனுப்பிய பிள்ளைகள் என்று எண்ணிக்கொண்டு தாமே சொன்னார்கள். அரசாங்கம் அனுப்பவில்லை, பள்ளிப் பத்திரிகைக்கு என்று சொன்னால் சில இடங்களில் முகம் வாடிற்று. ஒரு மூதாட்டி மட்டும், "யாருக்கானாலும் எழுது மக்களே, ஓரிடத்துல பேரு இருக்கட்டும்" என்றார்.

எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியின் அண்ணன் கதை சிக்கலானது. வீடு கேரளத்தில், வேலை, எல்லைக்கு அப்பாலுள்ள ஒருவரின் விசைப்படகில். அந்தப் படகோ கொச்சியிலிருந்து புறப்பட்டது. தகப்பனார் ஓர் அலுவலகத்துக்குப் போனார். படகு தமிழ்நாட்டுக்காரருடையது, அங்கே எழுதுங்கள் என்றார்கள். அங்கே போனார், ஆள் கேரளம், அங்கேயே எழுதுங்கள் என்றார்கள். ஐந்து நாள் வரை எந்தப் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை. 1956-இல் வரைந்த கோடு எவ்வளவு கூர்மையானது என்பதை நான் வரலாற்றுப் பாடத்தில் அறியவில்லை; அந்த வீட்டுத் திண்ணையில் அறிந்தேன்.

அவன் கரை சேரவில்லை. ஆகையால் எங்கள் தாளிலும் அவன் பெயர் வராது. பெயரே வராவிட்டால், மூன்றாவதாக ஒரு பட்டியலும் அவனை விட்டதாகும். அதற்குத் தலைவி ஒரு வழி கண்டாள். பட்டியலில் இடையிடையே கோடு போட்டு, முதற் பத்தியில் பெயரை எழுதி, மற்ற இரண்டு பத்தியையும் எழுதாமல் விடுவது. வரவில்லை என்று எழுதவில்லை. வந்தார் என்றும் எழுதவில்லை. மூன்று வீட்டாரிடமும் கேட்டோம். சரி என்றார்கள். அவ்வாறு மூன்று வரிகள் பாதியாக நின்றன. மலையாளப் பத்தி எழுதுபவனின் சித்தப்பா பெயரும் அவற்றுள் ஒன்று. அதை வேறொருவன் எழுதட்டும் என்று சொன்னோம், அவன் ஒப்பவில்லை. மற்ற வரிகளில் எழுதிய அதே அளவு எழுத்தில், கோடு பிறழாமல், அவனே எழுதினான்.

அந்த இதழுக்குப் பள்ளிக்கு வெளியிலிருந்தும் வாசகர் வந்தார்கள். மீன்கூடையோடு வந்த பெண்கள் வாயிற்காவலரிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்து, படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். வயது முதிர்ந்த ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது பத்தியை மட்டும் விரல் வைத்துக் கீழ்வரை படித்தார். "இன்னாரு பார்த்தான்னு போட்டிருக்கியளே, அது நல்லது. அவனெ எனக்குத் தெரியும், பொய் சொல்லமாட்டான்" என்றார். நாளிதழ்கள் பலவற்றில் அந்தப் பத்தியை நான் பின்னர் தேடிப் பார்த்ததுண்டு, அரசு வட்டாரம், நம்பத்தகுந்த வட்டாரம் என்று வட்டாரங்கள்தாம் இருக்கின்றன, ஆள் இல்லை.

ஏழாம் நாள், மராட்டியத்தில் தேவ்கட் துறைமுகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அந்த மாணவியின் அண்ணன் அங்கே இருந்தான். படகுத் துணையோடு காற்று போன போக்கில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மறுநாள் அவள் பள்ளிக்கு வந்ததும் முதலில் சுவரண்டை வந்து, பேனாவை வாங்கி, வெற்றிடத்தில் எழுதினாள். பார்த்தவர் யார் என்ற இடத்தில், "குரல் கேட்டது அம்மை" என்று எழுதினாள். இரண்டாவது வரி அதற்கு மூன்று நாளுக்குப் பின் நிரம்பியது. இலட்சத்தீவிலிருந்து கப்பலில் கொண்டு வந்து சேர்த்தார்கள். எங்கள் மலையாள எழுத்தாளனின் சித்தப்பா வரி அப்படியே நின்றது. அடுத்த இதழுக்கு நாள் வந்தும் நாங்கள் அந்தத் தாளை எடுக்கவில்லை. பக்கத்துச் சுவரில் புதியதை ஒட்டினோம். கிறிஸ்துமஸ் விடுமுறை போயிற்று. ஆண்டுத் தேர்வுக்கு அறைகளை ஒழுங்கு செய்யும்போது அவனே அதைக் கழற்றி, சுருட்டி, வீட்டுக்குக் கொண்டுபோனான்.

அதன்பின் எங்கள் பத்திரிகையில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பில் தேர்வுப் பயம் எல்லாவற்றையும் விழுங்கிற்று. ஆண்டு முழுதும் நான்கு இதழ்தான். இதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது. 2018-ஆம் ஆண்டு கேரள உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் கணினிக் கழகங்கள் தொடங்கின. மின்னிதழ் உருவாக்குவது அவற்றின் வேலைகளுள் ஒன்று. எங்களுக்குப் பின் வந்தவர்கள் கணினியில் பக்கம் அமைத்து, வண்ணப்படம் சேர்த்து, அழகாகச் செய்தார்கள். குண்டூசித் துரு இல்லை, மை கசிவதில்லை, பிரதி எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். நான் அதைக் குறை கூறவில்லை. ஆனால் இடத்துக்கு அளவில்லாமற் போனதும் "சீரும் சிறப்புமாக" திரும்பி வந்துவிட்டது என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. முதற் பக்கத்திலேயே நான்கு வாழ்த்துரைகள்! சுவர்ப் பத்திரிகையில் ஒரு வாழ்த்துரைக்குக்கூட இடம் இருந்ததில்லை.

சென்ற ஓண விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பள்ளியில் இப்போது படிக்கும் பிள்ளைகள் மூவர் வீட்டுக்கு வந்தார்கள். மின்னிதழ் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறதாம். இடையில் சுவரிலும் ஒன்று வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாராம். எங்கள் டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார், இவர் வேறொருவர். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்தப் பசை நிற்கும், செய்திக்கு எத்தனை சொல் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மரச்சீனிமாவைப் பற்றி எச்சரித்தேன். பார்த்தவர் பெயரைச் செய்தியோடு போட வேண்டுமா என்று அவர்களில் சிறியவன் கேட்டான். போடு என்றேன். "போட்டால் அவங்களும் வந்து சண்டை பிடிப்பாங்களே, அண்ணா?" என்றான். பிடிப்பார்கள் என்றேன். தமிழ் எடுத்தவர்கள் இப்போது அவர்கள் வகுப்பில் மூன்றே பேராம். ஒரு முழுப் பத்தி தருவார்களா என்பது ஐயமாம். கால் பத்தி கேளுங்கள், அரை அங்குல எழுத்தில் இருபத்தைந்து சொல் எழுதலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.